செந்தூரன் வீட்டு மட்டம்

மைதிலி கடைந்து கொடுத்த பம்பு ஷாஃப்ட் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. அதை அவளே வந்து சொன்னபோது செந்தூரன் தன் கார் ஷெட்டில் ஸ்பேனர்களைத் துடைத்துப் பலகையில் மாட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றின் உருவத்தையும் அவன்தான் பலகையில் வரைந்து வைத்திருந்தான். ஆனாலும் கையிலிருந்ததை எங்கே மாட்டுவது என்று ஒரு கணம் தெரியவில்லை.

"புஷ்ல ஏறவே மாட்டேங்குதாமா. ஒருக்கா தப்பு வரலாம். ஒவ்வொருக்காவும் வந்தா என்னுங்க தம்பி அர்த்தம்? இன்னைக்கு அளவைக் காப்பகத்துல என் தர முத்திரையையும் பறிச்சுட்டாங்க."

"உக்காருங்கக்கா."

"உக்காந்து என்ன பண்றது? லேத்த வித்துடலாம்னு இருக்கறனுங்க."

கார் ஷெட் என்பது பெயரளவுக்குத்தான். தானோடி வண்டிகள் கூப்பிட்ட இடத்துக்கு வர ஆரம்பித்ததும் கோவைக்காரர்கள் சொந்தக் காரைத் தலைமுழுகினார்கள். காலியான ஷெட்டுகளில் லேத்துகள் வந்து உட்கார்ந்தன. காரணம், பொதுக்கை. ஒரு லேத் கற்றுக்கொண்டதை இணைப்பிலுள்ள அத்தனை லேத்துகளும் கற்றுக்கொள்ளும். வெங்காயம் நறுக்கத் தெரியாதவன்கூடப் பொத்தானை அமுக்கினால் போதும், ஷாஃப்ட் கடைந்து வந்துவிடும். உதிரிபாகத்துக்காக யாரும் தொழிற்சாலையைத் தேடிப் போவதில்லை, பக்கத்துத் தெருவுக்குப் போனால் ஆயிற்று. வடவள்ளியில் மைதிலி ஒருத்திதான் பொதுக்கையில் சேராதவள். "என் கை எனக்கிருக்குது" என்பாள். அந்தக் கையை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

பொதுக்கைக்கு ஒரு தொடக்கம் வேண்டும். வட்டாரத்தில் முதலில் இணைகிற லேத் எப்படி நிற்கிறதோ அதையே அது மட்டம் என்று எடுத்துக்கொள்ளும். பின்னால் சேரும் லேத்துகளையும் அளவு பார்க்கும் கருவிகளையும் அதற்கு ஏற்றபடி திருத்திவிடும். இங்கே முதலில் இணைந்தது செந்தூரனுடைய லேத்.

அது லேத்துக்குப் பூஜை போட்ட நாள். வண்டி கழுவும் தண்ணீர் ஓடுவதற்காகக் கார் ஷெட்டின் தரையை வாசல் பக்கம் சரித்துத்தான் கட்டியிருப்பார்கள். ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வருவேனா என்று அடம்பிடித்தது. லேத்துக்குப் பொட்டு வைத்தாயிற்று, இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக்கில் மாலை போட்டாயிற்று. மனைவி ஹரிணி கற்பூரத் தட்டோடு பறந்தாள். "ராகு காலம் பொறக்கப் போகுதுங்க! சீக்கிரம் ஓட்டுங்க!" கைக்கு அகப்பட்ட கல்யாணப் பத்திரிகையை நாலாக மடித்து லேத்தின் பின்கால் ஒன்றுக்கு அடியில் திணித்தான். குமிழி அப்போதும் நடுவுக்கு வந்தபாடில்லை. 'மட்டம் பார்த்தாயிற்றா?' என்று பொதுக்கை கேட்டது. 'ஆயிற்று' என்றான். சாயங்காலம் நிதானமாகச் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தான், சத்தியமாக.

சாயங்காலத்துக்குள் பத்துப் பதினைந்து லேத்துகள் சேர்ந்துவிட்டன. 'முதல் லேத்' என்று தெருவே வந்து படமெடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? லேத்தின் அடித்தளமான பெட் லேசாக முறுக்கியிருந்ததால் வட்டாரத்தில் கடையப்பட்ட ஒவ்வொரு ஷாஃப்ட்டும் ஒரு முனையில் மயிரிழை மெலிந்திருந்தது. ஷாஃப்ட் நுழையும் துளையுள்ள புஷ்களும் அதே கோணலோடு பிறந்ததால் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் பொருந்தின. மைதிலியின் நேரான ஷாஃப்ட்தான் எதிலும் பொருந்தவில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தான். "டீ சாப்பிடறீங்களாக்கா?" என்றுதான் வந்தது.

அவள் போன பிறகு தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாள் காலை அளவைக் காப்பகத்துக்குப் போய் அதிகாரியம்மாவின் முன்னால் நின்று ஒன்றுவிடாமல் கொட்டினான். அபராதமோ ஜெயிலோ, எது வந்தாலும் சரி. மைதிலிக்கு முத்திரை திரும்பக் கிடைத்தால் போதும்.

அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எங்களுக்குப் போன வருசமே தெரியுமுங்க."

"தெரியுமா?"

"தெரிஞ்சு என்ன பண்றது? தண்ணிப் பம்பு, லிஃப்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலு, எல்லாம் உங்க கோணல்லதான் சுத்துது. இதுக்குள்ள நேரா ஒண்ணப் போட்டா மத்ததெல்லாம் உடையும். உங்க லேத்தத்தான் மூல மட்டமா அறிவிச்சிருக்கறோம். நாளைக்கு வந்து சீல் வெச்சுருவாங்க. அதுக்கப்புறம் அதோட கால்ல கைய வெச்சீங்கன்னா, அதுதான் குத்தம்."

"அப்ப மைதிலியக்கா?"

"அவுங்களும் மட்டத்துக்கு வந்தா முத்திரை தர்றதுல எங்களுக்கொண்ணும் ஆட்சேபனை இல்லீங்க."

திரும்பி வந்தவன் நேராக மைதிலியின் ஷெட்டுக்குப் போனான். வாசலில் நின்றபடியே சொன்னான், கற்பூரத்தட்டு முதல் அதிகாரியம்மாவின் சிரிப்பு வரைக்கும். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். அவள் எண்ணெய்க் கையைப் பழந்துணியில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப என் வேலைல பிசகு இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா. ஊர்ல நீங்க ஒருத்தருதான் சரி."

"ரெண்டு வருசமா என் கை போயிருச்சுன்னு நெனச்சு அழுதிருக்கறன், தம்பி."

அவனுக்குப் அவள் காலில் விழுந்துவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் அவள் ரசமட்டத்தை எடுத்துத் தன் லேத்தின் பெட் மேல் குறுக்காக வைத்தாள். குமிழி துளியும் அசையாமல் நட்டநடுவில் நின்றது. பின்காலின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எவ்வளவு சாயணும்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

ஸ்பேனர் திரும்பியது. குமிழி நடுவை விட்டு மெல்ல நகர்ந்தது.

"போதுமுங்களா?"

செந்தூரன் குனிந்து பார்த்தான்.

"இன்னுங் கொஞ்சமுங்கக்கா" என்றான்.