முதல் பெயர் கிளைவ்

கொட்டாஞ்சேனையில் அந்தப் பழைய வீட்டுப் படியில் கால் வைத்ததுமே மூக்கைச் சுளித்தேன். சுவருக்குப் புதிதாய் வெள்ளையடித்தும் கருகிய வாடை போகவில்லை. மேல்மாடி அறையில் ஒரு பிளாக்செயின் நோட், நிற்கவே கூடாத கணினி, ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கவனித்துவந்த கிளைவ் மூன்று வாரத்துக்கு முன், பற்றரி புகைந்து, இறுகிக்கொண்ட இரும்புக் கதவுக்குள் மூச்சடைத்துச் செத்துப்போனார். அலர்ட் வேலை செய்யவில்லை என்றார் முதலாளி யேசுரட்ணம். புதிதாக அமைக்கத்தான் வெள்ளவத்தையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

வேலை எளிது. நோட் நின்றாலோ புகை எழுந்தாலோ பட்டியலில் முதலில் உள்ளவருக்குப் போன் போகும். அவர் ‘பார்த்துவிட்டேன்’ என்று அழுத்தினால் அத்தோடு சரி. அழுத்தாவிட்டால்தான் அடுத்தவருக்குப் போகும்.

பழைய பட்டியலில் முதல் பெயர் கிளைவ். அவருடைய போனைச் சட்டைப்பையில் வைத்தே அடக்கம் செய்தார்களாம். முப்பத்தோராம் நாள் கழியாமல் செத்தவர் பெயரை வெட்ட மனம் வரவில்லை. அப்படியே விட்டு, இரண்டாவதாக இருந்த யேசுரட்ணத்துக்குக் கீழே என் பெயரைச் சேர்த்தேன்.

பழைய பதிவுகளைக் கிளறினேன். அன்று அலர்ட் வந்திருக்கிறது. வெளியே மேசையில் கிடந்த கிளைவின் போன் அடித்து ஓய்ந்ததும் யேசுரட்ணத்துக்குப் போயிருக்கிறது. அவர் உடனே அழுத்தியிருக்கிறார்.

“சேர், நீங்க பாத்திருக்கிறீங்க.”

“சும்மா அடிக்குதெண்டு அமத்திப்போட்டுச் சாப்பிட்டனான். அதை அழிச்சுவிடும் பிள்ளை. உமக்கும் வேலை வேணுமெல்லோ.”

அழித்தேன். வெட்கக்கேடுதான். ஆனாலும் அழித்தேன்.

மறுநாள் பகல் கோயில் திருவிழா. பாண்ட் வாத்தியமும் வெடியும் தெருவை நிறைத்தன. யேசுரட்ணம் மேலே அறைக்குப் போனார். நான் கீழே திரைக்கு முன் இருந்தேன்.

‘அறையில் புகை.’ சிவப்பு.

நான் எழும்ப முதலே பச்சையானது. சேர்தான் அழுத்தியிருப்பார் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

மறுபடி சிவப்பு. மறுபடி பச்சை. இப்படியே ஏழு முறை.

என் போன் அடிக்கவே இல்லை.

அழுத்தியவர் பெயரைப் பார்த்தேன்.

கிளைவ்.

ஏழு முறையும் கிளைவ்.

படிகளில் விழுந்தடித்து ஓடினேன். கைப்பிடி கையைச் சுட்டது. உள்ளே நகங்கள் இரும்பைச் சுரண்டின.

“விடு தம்பி...” யேசுரட்ணத்தின் குரல் கெஞ்சியது. “கிளைவ், விடு தம்பி...”

பிறகு சுரண்டல் நின்றது.

கதவை உடைக்க அரை மணித்தியாலம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதன்பிறகு எனக்குத் தூக்கமில்லை. கிளைவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மாலை, அவர் மனைவி செலீனைத் தேடிப் போனேன். அவள் முன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

“யேசுரட்ணம் செஞ்சது எனக்குத் தெரியும் மகள்,” என்றாள் அமைதியாக. “இவர் வந்து சொன்னவர்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

“அந்தப் பதிவை ஆர் அழிச்சதெண்டுதான் தெரியாம, ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு இருந்தவர்.”

அவள் சாத்தியிருந்த உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

“கேட்டீங்களா?”

உள்ளே யாரோ, நெஞ்சு நிறையப் புகை குடித்தவர்போல், இருமினார்கள்.