பெயரைத் தட்டியதும்

அம்பிகா தேடியது ஒரே ஒரு போட்டோவை. திரையில் வந்து நின்றவை இரண்டு கோப்புகள்.

முதலாவது, கண்டாச்சிபுரத்திலிருந்து சற்றுமுன் வாட்ஸ்அப்பில் வந்த தெய்வசிகாமணியின் போட்டோ. அவளே இறக்கிச் சேமித்தது. மனிதர் இன்று விடியற்காலையில்தான் இறந்திருந்தார். இரண்டாவது, அதே பெயரில் முழுதாக முடித்து வைத்திருந்த கண்ணீர் அஞ்சலி பேனர். குத்துவிளக்கு, மாலை, இறந்த தேதி, அடக்கம் செய்யும் நேரம் எல்லாம் போட்டுக் கச்சிதமாக இருந்தது. அது சேமிக்கப்பட்டது நேற்று இரவு.

திண்டிவனம் மரக்காணம் ரோட்டில் இருக்கும் அந்த ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் செய்பவள் அவள் ஒருத்திதான். முதலாளி சக்கரபாணிக்குத் தன் பெயரைக்கூட டைப் அடிக்கத் தெரியாது. நேற்று மாலைதான் தென்னரசு என்கிற சர்வீஸ்காரப் பையன் வந்து, கோப்புகளைத் தேட ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தான். "பேரத் தட்ட ஆரம்பிச்சாலே போதும்க்கா, கம்ப்யூட்டர்ல எந்த மூலைல இருந்தாலும் இழுத்துக்கினு வந்துடும்" என்றான். அதன் பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். அப்படியானால் இதைச் செய்தது யார்?

கேட்பதற்கும் ஆள் இல்லை. வணிகர் சங்கத் தலைவர் பச்சைமுத்துவின் இறுதி ஊர்வலம் என்பதால் ரோடு முழுக்கக் கடைகள் அடைத்திருந்தன. "தொறந்து வெச்சா சங்கத்து ஆளுங்க சத்தம் போடுவாங்கம்மா. நீ உள்ள வேலயப் பாத்துக்கினு இரு, நான் பேனர் கட்டிட்டு வந்து தொறக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சக்கரபாணி வெளியே இருந்து ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். பின்வாசல் கிடையாது. ஜன்னலும் கிடையாது. பட்டப்பகலிலேயே டியூப்லைட் வெளிச்சம், இங்க் கரைசலின் தொண்டையைக் கமறும் வாடை, ஏசியின் முனகல், மூலையில் ஒரு கட்டில் நீளத்துக்குப் படுத்திருக்கும் பிரிண்டர். ஷட்டரின் அடியில் விரல்கடை அளவு வெளிச்சம் ஒரு கோடாக விழுந்து, யாரோ நடந்து போகும்போதெல்லாம் அறுந்து அறுந்து ஒட்டியது.

சரி, நல்லதாகப் போயிற்று, வேலை மிச்சம் என்று நினைக்கப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. தேடல் கட்டத்தில் 'அஞ்சலி' என்று அடித்தாள். நூற்றுக்கணக்கில் கொட்டியது. புதியது மேலே வரும்படி மாற்றினாள்.

முதல் வரியில் இருந்த பெயர் அரிபிரசாத்.

அவள் கணவன் பெயர். விழுப்புரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிப்போக பைக்கில் வந்துகொண்டிருக்கிறான். உலகத்தில் ஒரே ஒரு அரிபிரசாத்தா இருக்கிறான் என்று தனக்குள்ளேயே அதட்டிக்கொண்டு கோப்பைத் திறந்தாள்.

அவனேதான். காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை, மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பின்னால் நெடுஞ்சாலை நடுவில் வளர்க்கும் அரளிச் செடிகள். போட்டோவைச் சுற்றி மாலை. இறந்த தேதி இன்று. கீழே துயரப்படுகிறவர்கள் பெயரில் அவன் அம்மா, அவன் தம்பி.

போன் போட்டாள். ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை.

கோப்பை அழித்தாள். பட்டியலிலிருந்து மறைந்தது. அவள் மூச்சை விடுவதற்குள் அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தது. மறுபடியும் அழித்தாள். மறுபடியும் வந்தது. போட்டோவை மட்டும் எடுத்துவிட்டு வெற்றுக் கட்டத்தோடு சேமித்தாள். திறந்து பார்த்தால் அவன் முகம்.

சாவுக்கு யாரும் புதிதாக டிசைன் போடுவதில்லை. பழைய கோப்பைத் திறந்து, போட்டோவை மாற்றி, பெயரை மாற்றி, அதன் மேலேயே சேமிப்பார்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது அதுதான். அவள் கையும் அதற்குத்தான் பழகியிருந்தது. இடம் காலியாக இருக்காது என்றால், வேறு யாரையாவது வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் உடனே கைக்குக் கிடைக்கும் முகம் ஒன்றுதான் இருந்தது. திருவாமாத்தூர் கோயில் விழா பேனரில் கைகூப்பிச் சிரிக்கும் சக்கரபாணி. மனிதர் நல்லவர். அவள் காய்ச்சலில் கிடந்தபோது கேட்காமலேயே லீவு கொடுத்தவர். அம்பிகாவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் அவர் முகத்தை வெட்டி எடுத்தாள். தெரியாமல் செய்தேன் என்று பிறகு அவள் சொல்லிக்கொள்ள முடியாது. மாலைக்கு நடுவில் பொருத்தினாள். பெயரை அடித்தாள். சேமித்தாள்.

இந்தத் தடவை மாறவில்லை. அப்படியே நின்றது.

போன் அடித்தது. அரிபிரசாத்.

"ஏய், இப்பதான் செத்துப் பொழச்சேன். கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு லாரிக்காரன் உரசிக்கினு போனான் பாரு, நூலிழ! ஒண்ணும் ஆவல. ஓரமா நிக்கிறேன், மழ உட்டதும் வர்றேன். ஏன் அழுவுற?"

"ஒண்ணுமில்லங்க. ஜல்தி வந்துடுங்க. என்ன வெளிய கூட்டிக்கினு போயிடுங்க."

உயிர் வந்தது. அடுத்த நிமிடமே மாலைக்கு நடுவில் சிரிக்கும் முகம் கண்ணில் பட்டது. சக்கரபாணியைக் கூப்பிட்டாள். அவர் குரலை ஒரு தடவை கேட்டால் போதும், கோப்பைப் பிரித்துப்போட்டு வேறு ஏதாவது செய்துவிடலாம்.

எடுத்தது வேறொரு குரல். "யாருங்க? இந்த போன்காரருக்கு நீங்க என்ன வேணும்? கம்பத்துல பேனர் கட்டிக்கினு இருந்தாருங்க, ஈரம், கரண்டு இழுத்துடுச்சி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிருக்காங்க. உசுரு இல்லன்றாங்க."

"சாவி..." என்றாள் அம்பிகா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னாங்க?"

கரண்டைக் கம்பத்தில் நிறுத்தியிருப்பார்கள். டியூப்லைட் அணைந்தது. ஏசியின் முனகல் இறங்கி இறங்கி நின்றது. போனில் பேச்சு அறுந்தது, சிக்னல் இல்லை. யூபிஎஸ்ஸில் ஓடும் திரை மட்டும் எரிந்தது. வெளியே பறைச் சத்தம் நெருங்கியது. ஊர்வலம் வந்துவிட்டது. ஷட்டரைக் கைகளால் அறைந்தாள். கத்தினாள். சரவெடி வெடித்தது. மறுபடியும் கத்தினாள். மறுபடியும் சரவெடி. கந்தகப் புகை ஷட்டரின் அடி வழியாக உள்ளே நுழைந்தது. வெளிச்சக் கோட்டில் கால்கள், கால்கள், கால்கள். ஒரு காலும் நிற்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. கணவனின் பேனரில் அம்மா பெயர் இருந்தது. தம்பி பெயர் இருந்தது. மனைவி பெயர் ஏன் இல்லை?

இருட்டில் தடுமாறி கீபோர்டுக்கு வந்தாள். தேடக் கூடாது. விரல் தேடியது. 'அ'. பட்டியல் நீளமாக இருந்தது. 'அம்'. குறைந்தது. 'அம்பி'. இரண்டு. 'அம்பிகா'.

ஒன்று.

திறந்தாள். திறக்கவில்லை. அழித்தாள். முடியவில்லை. ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. கோப்பு பயன்பாட்டில் உள்ளது. பிரிண்டருக்கு அனுப்பப்பட்டுவிட்டது.

பிரிண்டருக்குக் கரண்டு இல்லை. அதற்கு யூபிஎஸ் கிடையாது.

பின்னால், இருட்டில், சர்ர்.

சர்ர்.

பிரிண்டரின் ப்ளக்கைப் பிடுங்கினாள். கையோடு வந்தது. சர்ர். மை தெளிக்கும் தலைப்பகுதி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு. அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு. ஈர ஃபிளெக்ஸ் விரல் விரலாக வெளியே வந்தது. திரை வெளிச்சத்தில் பளபளத்தது. முதலில் பூ. மாலை. பிறகு வகிடு. அவள் வகிடு. காலையில் வைத்த குங்குமம்.

நெற்றி வந்தது. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு.

பிணத்துக்கு ஒட்டுவார்களே, அந்தக் காசு.

சர்ர். புருவம். மூடிய இமைகள்.

யாரும் இல்லாத அறையில் அம்பிகா மெல்லக் கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டாள். விரலில் தட்டுப்பட்டது. வட்டமாக. சில்லென்று.