வாட்டாத இலை

கட்டுத் துணியின் மேல்சுற்றைத் தளர்த்தியதும் முகத்தில் அடிக்கும் சீழ் வாடை அன்று வரவில்லை. புதுமழையில் நனைந்த செம்மண்ணின் வாடை வந்தது. ராஜமேரி சந்தோஷப்பட வேண்டியவள்தான். மண்வெட்டி பட்டுப் புரையோடிய காலை எடுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், கையெழுத்துப் போடாமல் புருஷன் வியாகுலத்தைப் பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தவள் அவள். கிணற்றோரப் புளியமரத்தடியில், பாதி வெயிலும் பாதி நிழலுமாய் விழும் இடத்தில் தழைத்துக் கிடந்த, புண்ணாற்றும் ரணகள்ளி இலையைத்தான் நம்பினாள்.

"ஆறுதுங்களா?"

"குளுகுளுன்னு இருக்குது புள்ள."

பக்கத்து வீட்டு பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். "தணல்ல வாட்டித்தானேக்கா கட்டுன? பச்சையா கட்டுனா அந்த எல சாவாது. போட்ட எடத்துல வேர் வுட்டு, ஓரமெல்லாம் குட்டி போடும். மாமன் காலு என்ன பூந்தொட்டியா?" சிரித்துக்கொண்டே போனாள்.

ராஜமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. மழையில் விறகு நனைந்து அடுப்பு பிடிக்காத அன்று பச்சையாகத்தான் வைத்துக் கட்டினாள். அந்த இலையை இன்னும் மாற்றவில்லை.

மத்தியானம் வியாகுலம் சோறு வேண்டாமென்றான். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தபடியே சொன்னான்: "கட்டில வாசப்பக்கம் இழு. முழு வெயிலு வேணாம். காலுல மட்டும் பட்டாப் போதும். கொஞ்சம் தண்ணி ஊத்து."

செம்பை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"வாயில இல்ல புள்ள. காலுல."

ஊற்றினாள். ஒரு சொட்டும் தரையில் விழவில்லை. துணிக்குள்ளிருந்து, ஊறவைத்த பயறு தோல் வெடிப்பது போல, மெல்லிய சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

அரிவாளால் கட்டுத் துணியை அறுத்தாள்.

புண் இல்லை. இலையும் இல்லை. இலையின் நரம்புகள் தோலோடு தோலாய்ப் பாதத்தில் ஓடின. விரலிடுக்குகளில் பச்சை முளைகள்.

ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வெள்ளை வேர் வந்தது. இன்னும் வந்தது. முழங்காலுக்கு மேலே, தோலுக்கடியில், ஏதோ நகர்ந்தது. தொடையில். வயிற்றில். கழுத்தில்.

"இழுக்காத புள்ள." அவன் குரலில் கோபமே இல்லை. "கண்ணுல வலிக்குது."

துண்டு நழுவியது.

மூடியிருந்த இமைகளில் ஒரு மயிர்கூட இல்லை. அவற்றின் ஓரத்தில், வரிசையாக, கடுகளவு குருத்துகள். ஒவ்வொன்றும் இரண்டிரண்டு இலை விரித்து, வாசல் வெயிலின் பக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.