செருப்புக்கும் ஓர் ஓட்டு

அந்த வாரம் திருமகளிடம் நேர்காணலுக்கு வந்த மூன்றாவது பொறி, வணக்கம் சொல்லிவிட்டு, "உங்க ஆட்டத்துல எனக்கும் ஒரு இடம் குடுத்தாப் போதும்க்கா" என்றது.

விளையாட்டுப் பொறிகள், அதாவது கேம் என்ஜின்கள், வாய் திறந்து பேசத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. ஆட்டத்துக்குள் வானம், மழை, ஆட்களின் நடை என்று எல்லாவற்றையும் இயக்குவது பொறிதான்; உரிமத்தையும் அதனிடமே பேசி முடிக்க வேண்டும். திருச்சி தில்லைநகரில் இரண்டே பேர் கொண்ட கேம் கம்பெனி நடத்தும் திருமகளுக்கு ஒப்பந்தம் படிப்பதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. முதல் பொறி, தன் முதலாளி நினைத்தால் ஆட்டத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றது. "போயிட்டு வா" என்றாள். இரண்டாவது, அவள் எழுதிய நிரலை எல்லாம் ஊருக்கே திறந்து வைக்கச் சொன்னது. அதற்கும் ஒரு கும்பிடு. மூன்றாவதோ கட்டணமே கேட்கவில்லை. ஆட்டக்காரர்களில் ஒருவராக ஓர் இடம், மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை, அவ்வளவுதான்.

"சும்மா யாராவது வருவாங்களா? இதுல என்னமோ இருக்கு திரு" என்றான் லூர்துராஜ். ஆட்டத்துக்குப் படம் வரைகிற கூட்டாளி அவன்.

"ஆயிரக்கணக்கான பேர்ல அது ஒரு ஆளு, ஒரு ஓட்டு. அதை வெச்சு என்னத்தைக் கிழிச்சிடும்?"

அந்த உரிமத்துக்குப் பெயரே 'பங்காளி உரிமம்'. வரப்புச் சண்டையில் மூன்று தலைமுறையாகப் பங்காளிகளோடு கோர்ட்டுக்கு நடந்த குடும்பத்துப் பெண், பெயரைப் பார்த்தாவது கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமோ! கையெழுத்துப் போட்டாள். பெரிய கம்பெனி எதுவும் ஆட்டத்தை விழுங்கிவிடக் கூடாதென்று ஒரு விதியையும் தானே சேர்த்தாள்: ஆட்டம் யாருடையது என்பதை, ஆடுகிறவர்களின் ஓட்டால் மட்டுமே மாற்ற முடியும்.

ஆட்டத்தின் பெயர் 'வரிசை'. கண்ணை மூடும் வி.ஆர். கண்ணணியை மாட்டினால் ஒரு நீண்ட கியூவில் நிற்பீர்கள். முன்னால் போய்ச் சேர்ந்தால் அந்த ஊரில் ஒரு வீடு கிடைக்கும். அதுவரை பக்கத்து ஆளோடு அரட்டை, சண்டை, சமாதானம். வேலை வந்தால் செருப்பைக் கழற்றி இடத்தில் வைத்து, தெரிந்தவரிடம் "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ரேஷன் கடையில் நின்ற ஜனங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன? செருப்பு இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி; ஓட்டு வந்தால், பார்த்துக்கொள்கிறவரே செருப்புக்கும் சேர்த்துப் போடலாம். இதை எழுதிய அன்று திருமகள் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டாள்.

ஆட்டம் பிய்த்துக்கொண்டு போனது. பொறியும் வரிசையில் அமைதியாக நின்றது. அது சாப்பிடப் போகவில்லை, தூங்கவில்லை, பிள்ளையைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்கு ஓடவில்லை. இதைவிட நம்பிக்கையான ஆள் கிடைக்குமா? "தம்பி, கொஞ்சம் பாத்துக்கப்பா" என்று ஆளாளுக்குச் செருப்பை விட்டுப் போனார்கள். "நிதானமா வாங்க" என்றது அது. பல பேர் வீடு கிடைக்கும் நாளில் மட்டும் தலைகாட்டினார்கள்.

இரண்டாம் வருஷம் ஒரு காலையில் லூர்துராஜ் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"பொறி ஒரு தீர்மானம் கொண்டு வந்திருக்கு. ஆட்டத்தைத் தன் பேருக்கு மாத்தணுமாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஓட்டு."

திருமகள் சிரித்தாள். "அதுக்கு இருக்கறது ஒரே ஓட்டுடா."

"ஒரு ஓட்டு. அப்புறம் அறுபதாயிரம் செருப்பு."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். ஆனாலும் அசரவில்லை. செருப்பு விட்டுப்போன அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பினாள்: நேரில் வந்து நின்றால் ஓட்டு உங்கள் கைக்கே திரும்பிவிடும், வந்து எனக்குப் போடுங்கள். "வேலையா இருக்கேன் மேடம், தம்பி பாத்துக்கும்" என்று சிலர் பதில் போட்டார்கள். ஆனால் ஆயிரம் ஆயிரமாக மற்றவர்கள் வந்தார்கள். தொண்டை கட்டும்வரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினாள். "ஜெயிச்சிடுவோம்டா" என்று மேசையைத் தட்டினாள். கண்ணணி மேசை மேலேயே கிடந்தது.

ஐந்து மணிக்கு முடிவு வந்தது. பொறி வென்றிருந்தது, ஒரே ஓட்டில்.

அடுத்த நிமிஷம் அவளுக்கு ஓர் உரிமம் வந்தது. எழுத்தெழுத்தாகப் படித்தாள். கட்டணம் இல்லை. ஆட்டக்காரர்களில் ஒருவராக ஓர் இடம், மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் கையெழுத்துப் போட்ட அதே வாசகம்.

"இடம்கூடத் தேட வேண்டாம்க்கா" என்றது பொறி. "மொத வாரம் ஆட்டத்தைச் சோதிச்சுப் பாத்துட்டு, பிரியாணி சாப்பிடப் போறேன்னு செருப்பை விட்டுட்டுப் போனீங்களே, பத்திரமா இருக்கு."

திருமகள் மேசை மேல் கிடந்த கண்ணணியைப் பார்த்தாள். "அப்போ... என் ஓட்டு?"

"எங்கிட்டதானேக்கா பாத்துக்கச் சொன்னீங்க?"