அண்ணாந்து குடிக்கும் ஊர்

சுவர்த்திரையில் பிரேசில் பச்சையாகி நான்கு மாதம் ஆகிவிட்டது. கென்யா அதற்கும் முன்னால். தாய்லாந்து போன வாரம் தன் கடைசிப் புள்ளியையும் நிரப்பிவிட்டு வாணவேடிக்கை விட்டுக் கொண்டாடியது. நாமக்கல் மாவட்டம் மட்டும் சலவைக்குப் போய்வந்த வேட்டி மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்தது.

"ரெண்டு சதவீதம் மேடம்," என்றாள் ரெஜினா. கணக்கெடுப்புப் பிரிவுக்காரி. கெட்ட செய்தியைக்கூட ஜாதகம் பொருந்திவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டே சொல்வாள். "போன மாசமும் ரெண்டுதான். வாரியத்துலருந்து கடிதாசி வந்தாச்சு. மூணு மாசம் டைம். நாப்பது வரலைன்னா நம்மள விட்டுட்டு வேற மாவட்டத்துக்குப் போயிருவாங்களாம்."

டாக்டர் தையல்நாயகி மேசைமேல் கிடந்த உமிழ்மானியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். விரலளவுக் கருவி அது. ஊரில் அதற்குத் துப்பு மிசின் என்று பெயர். ஒரு நொடி யோசித்துவிட்டு வெள்ளை காட்டியது. காவலித் திட்டத்தின் மாவட்டத் தலைவருக்கே இன்னும் காவலி ஒட்டவில்லை. இந்த வெட்கக்கேட்டை அவர் ரெஜினாவிடம்கூடச் சொன்னதில்லை.

காவலி ஒரு கிருமி. யாரையும் ஒன்றும் செய்யாத சாதுக் கிருமி. எச்.ஐ.வி. கிருமியின் சட்டையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து இதன் தோளில் தைத்திருந்தார்கள். உடம்புக்குள் போனதும் அது அந்தத் துண்டைக் காட்டி, 'இந்தச் சட்டை போட்டு எவன் வந்தாலும் உள்ளே விடாதே' என்று சொல்லிக் கொடுத்துவிடும். ஊசியில் ஏற்றினால் உடம்பு அதை இரண்டே நாளில் விரட்டிவிட்டது. இன்னோர் உடம்பில் பழகி, எச்சில் வழியாக வந்தால்தான் தங்கியது. வேண்டாம் என்கிறவர்களுக்கு மருந்துக்கடையில் ஒரு வில்லை இருந்தது, அதைப் போட்டுக்கொண்டால் ஒட்டாது. கட்டுமீறிப் போய்விடக் கூடாதே என்று ஒரு கணக்கும் வைத்திருந்தார்கள். ஓர் உடம்பிலிருந்து அடுத்த உடம்புக்குத் தாவும்போதெல்லாம் காவலி தன்மேல் ஒரு கோடு போட்டுக்கொள்ளும், முப்பது கோடு சேர்ந்தால் அவிந்துபோகும். அந்தக் கோடுகளின் எண்ணிக்கையைப் 'படி' என்றார்கள். பச்சை காட்டும்போது உமிழ்மானி அந்தப் படியையும் சேர்த்தே காட்டும்.

எல்லோர் வாயிலும் நாற்பது நாள் இருந்துவிட்டுப் போகிற காவலி, எச்.ஐ.வி.யோடு மருந்து சாப்பிட்டு வாழ்பவர்களின் வாயில் மட்டும் வருடக்கணக்கில் ஊறிக்கொண்டே இருந்தது. ஆகவே அவர்கள்தான் ஊற்று. நாமக்கல்லில் ஐம்பது பேர் தாங்களாகவே முன்வந்து ஊற்றானார்கள். அவர்களுக்கு மட்டும் ஊசியிலேயே தங்கியது, படி பூஜ்யம்.

இந்த நாளுக்காகத் தையல்நாயகி காத்திருந்த காலம் கொஞ்சநஞ்சமல்ல. லாரிப்பேட்டை மருத்துவமனையில் சேர்ந்தபோது வயது இருபத்தேழு. அப்போதே நல்ல மாத்திரைகள் இருந்தன, ஆனால் மாத்திரை வாங்க வரிசையில் நின்றால் ஊர் பார்த்துவிடும் என்று பயந்தே செத்துப்போனவர்களை அவருக்குத் தெரியும். பத்து வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். மூன்று தடுப்பூசிகள் கடைசிக் கட்டம் வரை போய்ப் பல்லிளித்துவிட்டன. மூன்றாவது தோற்ற அன்று ஆய்வுக்கூடக் கழிவறையில் உட்கார்ந்து அழுதார். நான்காவதுதான் காவலி. அதை உண்டாக்கிய பதினெட்டுப் பேரில் அவரும் ஒருவர். உலகத்துக்கெல்லாம் பலித்தது சொந்த ஊரில் பலிக்கவில்லை என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது.

"வண்டி எடு," என்றார் ரெஜினாவிடம். "அஞ்சுகம் கடைக்குப் போலாம்."

அஞ்சுகத்தின் கடை பரமத்தி சாலையில், தானோட்டி லாரிகள் இளைப்பாறும் திடலில் இருந்தது. லாரிகள் தாமாக ஓட ஆரம்பித்துப் பல வருடமாகியும், சரக்குக்குத் துணையாக ஒருவர் ஏறிப் போனார். அரசு அவரை 'உடன்செல்வோர்' என்றது. ஊர் டிரைவர் என்றே கூப்பிட்டது. டீக் கிளாஸ்களை ஆவியில் கழுவ மிஷின் வந்துவிட்டது. ஆனால் வெயில் காலத்தில் மோர்ப்பானையும் ஒரே ஒரு பித்தளை டம்ளரும் பொது. அதனால்தான் இந்தக் கடையை முதல் ஊற்றாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அஞ்சுகத்துக்கு அறுபத்திரண்டு வயது. கணவன் கொடுத்துவிட்டுப்போன எச்.ஐ.வி.க்கு முப்பத்தாறு வயது.

"வாங்க டாக்டரம்மா. மூஞ்சி ஏன் இப்பிடி வாடிக் கெடக்குது?"

"அஞ்சுகம், உங்க கடையில தினமும் முந்நூறு பேர் மோர் குடிக்கறாங்க. நீங்களும் அதே டம்ளர்லதான் குடிக்கறீங்க. அப்புறம் ஏன் ஒருத்தருக்கும் ஒட்டலை?"

அஞ்சுகம் மோவாயால் காட்டினாள். பானையருகே நின்ற ராசுக்குட்டி என்ற டிரைவர் டம்ளரை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி, தலையை அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் மோரைத் தொண்டைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அப்படியே. உதடு டம்ளரில் படவேயில்லை.

"அண்ணாந்து குடிக்கறாங்க," என்றாள் ரெஜினா, அப்போதுதான் அதைப் பார்ப்பவள் போல. அவளும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் குடிக்கிறாள்.

"நீங்க கொஞ்சம் சொல்லப்படாதா அஞ்சுகம், உதடு வெச்சுக் குடிங்கன்னு?"

"நான் சொன்னா கேப்பாங்களா? அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்களே நீங்கதானுங்க."

"நானா?"

அஞ்சுகம் கல்லாவுக்கு மேலே இருந்த சுவரொட்டியைக் காட்டினாள். இருபத்தெட்டு வருடத்துப் பழசு. தையல்நாயகியின் வாழ்நாள் பெருமை அது. லட்சக்கணக்கில் அச்சாகி லாரிப்பேட்டை, சுங்கச்சாவடி, பள்ளிக்கூடம் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் ஒட்டப்பட்டது. இளம் டாக்டர் ஒருவர், பக்கத்தில் நிற்கும் இளம் அஞ்சுகம் குடித்துவிட்டுக் கொடுத்த டம்ளரிலிருந்து மோர் குடிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில்: 'பயம் வேண்டாம். இப்படிப் பரவாது.'

தையல்நாயகி அந்தப் படத்தை ஆயிரம் தடவை பார்த்திருப்பார். இப்போதுதான் பார்த்தார். படத்திலிருந்த டாக்டர் டம்ளரை உதட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்திருந்தார்.

அவருக்குக் காது சூடாகிவிட்டது. எச்சிலில் எச்.ஐ.வி. பரவாது என்று மேடை மேடையாகத் தொண்டை கிழியக் கத்தியவர் அவர். பயந்து தூக்கவில்லை, சத்தியமாகப் பயமில்லை. கை பழக்கத்தில் தானாக மேலே போயிருக்கிறது. படம் எடுத்தவனும் கவனிக்கவில்லை, அச்சடித்தவனும் கவனிக்கவில்லை, எல்லோரும் அப்படிக் குடிக்கிறவர்கள்தானே. மாவட்டம் முழுக்கப் பாடம் படித்துக்கொண்டது: நோயாளியின் டம்ளரில் குடிக்கலாம், தூக்கிக் குடித்தால் சரி.

"நீங்க கவனிச்சீங்களா, அன்னிக்கே?"

"அன்னிக்கே பாத்தேனுங்க."

"ஏன் சொல்லலை?"

அஞ்சுகம் துடைத்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "அதுக்கு முன்னால என் கையில இருந்து டம்ளரை வாங்கினவங்களே இல்லீங்க. நீங்க வாங்கினீங்க. எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு."

தையல்நாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. "ரெஜினா, நேரலையைப் போடு," என்றார்.

அன்றைய நேரலையை மாவட்டம் இன்றைக்கும் பேசிச் சிரிக்கிறது. தையல்நாயகி கேமராவைப் பார்த்து, இருபத்தெட்டு வருடத்துக்கு முன் தான் உதடு வைக்கவில்லை என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அஞ்சுகத்திடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு அஞ்சுகம் குடித்துவிட்டுக் கொடுத்த டம்ளரை வாங்கினார். கை ஜம்மென்று மேலே போய்விட்டது.

"அம்மா, மேல போச்சு," என்றார் ராசுக்குட்டி.

இறக்கினார். மறுபடி வாங்கினார், மறுபடி மேலே போனது. மூன்றாவது தடவை திடலே கைதட்டிச் சிரித்தது. ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம் டாக்டர் பட்டத்துக்குக் கட்டுப்படுமா என்ன? மோர் கன்னத்தில் வழிந்து புடவையெல்லாம் நனைந்து, அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

அஞ்சுகம்தான் வழி கண்டுபிடித்தாள். உதடு வைத்து ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைப் பலகைமேல் வைத்து, விளிம்பு வரைக்கும் தளும்பத் தளும்ப மோரை ஊற்றினாள். "இப்பத் தூக்குங்க பாக்கலாம்," என்றாள்.

தூக்கினால் கொட்டும். தையல்நாயகி இடுப்பில் கைவைத்து யோசித்தார். பிறகு குனிந்து உதட்டை விளிம்பில் வைத்து உறிஞ்சினார். பெருங்காயமும் இஞ்சியும் தூக்கலாக இருந்தன. அத்தனை வருடத்தில் ஒருதடவைகூட அந்த மோரின் ருசியை அவர் நாக்கு அறிந்ததில்லை, நேராகத் தொண்டைக்கே போய்க்கொண்டிருந்தது.

"அடுத்தது நான்," என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார் ராசுக்குட்டி.

'தளும்பல்' என்ற சொல் அப்படித்தான் மாவட்டத்துக்குள் வந்தது. ரெஜினா ஒரு மாதத்தில் ஆறாயிரம் தளும்பல் பந்தல் போட்டாள். கோயில் பானகம், கல்லூரிக் கேன்டீன், கல்யாணப் பந்தி, எங்கே பார்த்தாலும் ஜனங்கள் பலகைமேல் குனிந்து நின்றார்கள். அஞ்சாம் நாள் தையல்நாயகியின் உமிழ்மானி பச்சை காட்டியது, படி ஒன்று. அலுவலகத்தில் யாருமில்லாத நேரம் பார்த்து அவர் ஒரு குதி குதித்தார். இரண்டாம் மாதம் பதினொன்று சதவீதம். பிறகு சொல்லவே வேண்டாம், பச்சை இல்லாதவரை வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடவே யோசிக்கிற நிலை வந்துவிட்டது. கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது நாற்பதைத் தாண்டியது. ரெஜினா திரையைப் பார்த்துவிட்டு, முதல்முறையாக நல்ல செய்தியைச் சொல்லத் தெரியாமல் விக்கி விக்கி அழுதாள்.

அதற்கு மறுநாள்தான் குழந்தைவேலு வந்தார். முட்டைப்பண்ணை முதலாளி. லட்சம் கோழி வைத்திருப்பவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, எந்தத் தளும்பல் பந்தலிலும் குனிந்து நின்றதில்லை. அலுவலகத்துக்கு வரக் கௌரவம் இடம்கொடுக்காமல், தையல்நாயகியும் ரெஜினாவும் மோர் குடிக்கும் வேளை பார்த்து அஞ்சுகத்தின் கடைக்கே வந்து, ஓரமாக அழைத்தார்.

"உங்க மிசினு தப்புங்க டாக்டரம்மா."

"என்ன தப்புங்க?"

"எங்க வீட்ல ஏழு பேரு. ஏழு பேருக்கும் பச்சை, சந்தோசம். ஆனா ஏழு பேருக்கும் ஒரே நம்பர் காட்டுது. பதினேழு. எனக்கு, சம்சாரத்துக்கு, பையனுக்கு, மருமகளுக்கு, எங்கம்மாவுக்கு, பேரம்பேத்திகளுக்கு. எல்லாருக்கும் பதினேழு எப்பிடிங்க வரும்?"

தையல்நாயகி விளக்கினார். "ஒருத்தர்கிட்ட இருந்து வாங்கினா அவங்க நம்பரோட ஒண்ணு கூடும். உங்களுக்கு வந்து, உங்ககிட்ட இருந்து மத்தவங்களுக்குப் போயிருந்தா அவங்களுக்குப் பதினெட்டு காட்டணும். எல்லாருக்கும் பதினேழுன்னா, ஏழு பேரும் பதினாறு இருக்கற ஒரே ஆள்கிட்ட இருந்து தனித்தனியா நேரா வாங்கியிருக்கீங்க. உங்க வீட்ல பதினாறு யாருக்கு?"

குழந்தைவேலு திடலில் நின்ற லாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எங்க வீட்ல யாருக்கும் இல்லீங்க."

"வீட்டுக்கு வந்து போறவங்க?"

"பாவாயி. பாத்தரம் தேய்க்க வர்ற பொம்பளை. பச்சை வந்திருச்சுன்னு அவளே வந்து சொன்னா, பதினாறுன்னு."

"அவங்க உங்க வீட்ல எதுல தண்ணி குடிப்பாங்க?"

"பொறத்தால, தொட்டிக்குப் பக்கத்துல அவளுக்குன்னு ஒரு டம்ளர் வெச்சிருக்கறோம்." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "குடிச்சுட்டு மிச்சத்தோட அப்பிடியே வெச்சுட்டுப் போவா. அதை வீட்டாளுக யாரும் தொடமாட்டமுங்க."

ரெஜினா சிரிப்பை அடக்க முடியாமல் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தையல்நாயகிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் தன் சுவரொட்டியை நினைத்துக்கொண்டார். எதிரில் நிற்பவரின் காது சூடாவதை அவரால் உணர முடிந்தது.

"மிசினு சரியாத்தானுங்க இருக்குது," என்றார் மெதுவாக.

குழந்தைவேலு மேல்துண்டால் நெற்றியைத் துடைத்தார். வீட்டில் ஒவ்வொருவர் முகமாக நினைவில் கொண்டுவந்து பார்க்கிறார் என்று தெரிந்தது. சம்சாரம், பையன், மருமகள், எண்பத்தாறு வயது அம்மா.

"நான் மட்டுந்தான் போய்க் குடிச்சேன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க," என்றார்.