குடிச்சாச்சு

வேன் கொடைரோட்டைத் தாண்டும்போதுதான் ஏஞ்சலினுக்கு உறைத்தது. தன் தோளில் முக்காட்டோடு சாய்ந்திருந்த இஞ்ஞாசியம்மாள் அத்தையின் மூச்சு கழுத்தில் படவே இல்லை.

அசந்து தூங்குகிறாள் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். எருசலேம் யாத்திரை முடிந்து, மதுரையில் விமானம் இறங்கி, திண்டுக்கல்லுக்குத் திரும்புகிற குழு அது. சாயங்கால வெளிச்சத்தில் சிறுமலை கறுத்துக்கொண்டு வந்தது. வேனுக்குள் புழுக்கமும் தைலமும் பேரீச்சம்பழப் பொட்டலங்களின் வாசமும் கலந்து கிடக்க, அதற்கெல்லாம் அடியில், வெயிலில் காய்ந்த வெறும் மண்பானையின் வாடை ஒன்று மெல்லக் கிளம்பியது.

குழுத்தலைவர் ராயப்பராஜ் சாருக்கு ஒரே சட்டம். ஆளுக்கொரு ஜோடி. வண்டி கிளம்புமுன் ஜோடியின் தோளைத் தொட்டுப் பார்த்துக் கை தூக்க வேண்டும். தண்ணீர் குடித்தாயிற்றா என்றும் சொல்ல வேண்டும். அத்தையோ, போகிற இடத்தில் கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று பயணம் முழுக்க வாயை நனைத்ததோடு சரி.

"வீட்டுக்குப் போயி குடிச்சுக்கிறேன் ஏஞ்சலு. சார்ட்ட சொல்லிராத."

ஏஞ்சலினும் ஒவ்வொரு தடவையும் "குடிச்சாச்சு சார்" என்று ஒப்பித்துக்கொண்டே வந்தாள். அத்தையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதாக அவள் மகன் ஆண்டனிராஜிடம் வாக்குக் கொடுத்தவளும் ஏஞ்சலின்தான். மதுரையில் வேன் ஏறியதும் தூக்கம் கண்ணைக் கட்டியது. அத்தை ஏறிவிட்டாளா என்று தொட்டுப் பார்க்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கையைத் தூக்கிவிட்டாள்.

போன் அடித்தது. கழுத்து அட்டையில் இந்த நம்பர் இருந்ததாக ஒரு பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள். விமான நிலையக் கழிப்பறையில் ஒரு வயசான அம்மா மயங்கிக் கிடந்தார்களாம். பெயர் இஞ்ஞாசியம்மாளாம். உடம்பில் நீரே இல்லையாம்.

"காப்பாத்த முடியலம்மா. நீங்க உடனே வரணும்."

தோளில் கனம் கூடியது.

கத்த வாய் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் இல்லை. முக்காடு அசையவில்லை. மடியிலிருந்த பாட்டிலில் மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. மூடி திறக்கவில்லை. பாதி. கால். காலி.

வேன் திண்டுக்கல்லில் அத்தை வீட்டு முன்னால் நின்றது. வாசலில் காத்திருந்த ஆண்டனிராஜ் சிரித்தபடி கதவைத் திறந்து, இறக்கிவிடக் கை நீட்டினான்.

தொடாதே. குரல் வரவில்லை.

முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு வறண்ட கை நீண்டது. அவன் மணிக்கட்டைப் பற்றியது.

"வீடு வந்துருச்சுல்லப்பு. இப்பக் குடிக்கிறேன்."

ஆண்டனிராஜின் சிரித்த உதடு, ஏஞ்சலினின் கண் முன்னாலேயே, காய்ந்து வெடித்தது.