புனிதரைத் தேடிய பேய்கள்

“புனிதரைக் காணோம்!”

ஆல்ப்ஸ் மலையில், ஒரு டிசம்பர் மாலையில், எட்டுப் பேய்கள் பனியில் நின்று திருதிருவென்று விழித்தன. எல்லாவற்றுக்கும் ஆட்டுத்தோல் உடுப்பு, மரத்தில் செதுக்கிய முகமூடி, கொம்பு, இடுப்பைச் சுற்றி மாட்டுமணிகள், கையில் சங்கிலி. அவற்றில் இரண்டு, தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்காக ஆஸ்திரியா வந்தவை: தூத்துக்குடி ரூபன், தேனி மலையரசன்.

அந்த ஊர் வழக்கப்படி புனித நிக்கோலாஸ் வீடு வீடாகப் போவார். கிராம்பஸ் என்னும் வேடப் பேய்கள் பின்னால் மணியடித்துப் பிள்ளைகளை மிரட்டும். அவர் கோலைத் தரையில் ஊன்றிய நொடியில் மண்டியிட்டு அடங்கிவிடும். பிறகு பிள்ளைகளுக்கு மிட்டாய். இந்த ஆண்டின் புனிதர் ரொட்டிக்கடை அலாய்ஸ். உச்சி வீட்டுக்கு வழி பார்க்கப் போனவர் திரும்பவில்லை. பனியோ வலுத்துக்கொண்டிருந்தது.

“சீக்கிரம் தேடலன்னா மனுசன் விறைச்சிருவாருலே!” என்றான் ரூபன்.

“நாம பேயா வந்த மொத நாளே புனிதருக்கு ஒண்ணுன்னா, நம்மளத்தான்டா சந்தேகப்படுவாங்க” என்றான் மலையரசன்.

பைன் காட்டுக்குள் பேய்கள் பாய்ந்தன! “அலாய்ஸ்! அலாய்ஸ்!” மணிகள் காட்டையே உலுக்கின.

ஒரு சரிவில் மலையரசன் சட்டென்று நின்றான். பனியில் புனிதரின் கோல் மட்டும் கிடந்தது!

“மணிய நிறுத்துங்க! அவரு கத்துனா கேக்கணும்ல!”

ஜெர்மனில் கத்தினான். தமிழில் கத்தினான். மர முகமூடிக்குள் யாருக்குக் கேட்கும்? பேய்கள் இன்னும் உற்சாகமாகக் குதித்துத் தேடின. ரூபனைப் பிடித்து உலுக்கினான். “என்னலே, பசிக்கா?” என்று கேட்டுவிட்டு அவனும் ஓடினான்.

மலையரசன் கோலைத் தூக்கினான். எல்லோர் கண்ணிலும் படும்படி ஓங்கி ஊன்றினான்!

மற்ற ஏழு பேய்களும் தொப்பென்று மண்டியிட்டன. ஓடிவந்த ஒன்று மண்டியிட்டபடியே சறுக்கி மரத்தில் முட்டியது. காடு நிசப்தமானது.

கீழே எங்கிருந்தோ மெல்லிய குரல். புனிதர்கள் சொல்லக்கூடாத வார்த்தை அது.

“அவருதான்!”

பனி மூடிய பள்ளத்துக்குள், கால் பிசகி, நடுங்கிக்கொண்டிருந்தார் அலாய்ஸ். பேய்கள் கையில் வைத்திருந்த சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டி, “ஏலேலோ!” என்று இழுத்தன. அந்த மலை அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை.

மலையரசன் தோளில் அமர்ந்து உச்சி வீட்டுக்குள் நுழைந்தார் புனிதர். சிறுமி ஒருத்தி வாயைப் பிளந்தாள்.

“பேய் ஏன் உங்களத் தூக்கிட்டு வருது?”

“நேரம் பாத்து எல்லாரையும் வாய மூட வச்சது. அதான் இதுக்கு மட்டும் பதவி உயர்வு.”

வழக்கப்படி மண்டியிட்டிருந்த ரூபன் மலையரசனிடம் முணுமுணுத்தான்: “அவரு எறங்குனதும் எனக்கும் பதவி உயர்வு தரச் சொல்லுலே. மரத்துல முட்டுனது நான்தான்.”